ஊசி படாத கண்கள்

கந்தகச் சுரங்கம் இடிந்து செத்தவர்களின் நினைவுச்சுவருக்கு ஊர்க் கமிட்டி விடியலைத்தான் ஓவியமாகக் கேட்டது. சிசிலி வெயில் விழும் பெரிய தாளில், விளக்கை உயர்த்திச் சிரிக்கும் இளைஞனாக விடியல் நிற்கிறது. முகம் மட்டும் அந்தச் சுரங்கத்தில் செத்துப்போன, நுன்ஸியாவின் மகனுடையது. துளைகள் வழியே கரித்தூள் சுவரில் இறங்குவதற்காக, ஓவியர் ருஜ்ஜேரோ கோடு நெடுக ஊசியால் துளையிடுகிறார். உதடு, மூக்கு முடிந்து ஊசி கண்ணுக்கு வருகிறது. தாளைப் பிடித்திருக்கும் நுன்ஸியாவின் கை வெடுக்கென்று குறுக்கே வருகிறது. “கண்ணுல குத்தாதீங்க ஐயா.” “குத்தலைன்னா சுவத்துல கண்ணு விழாதும்மா.” “விழ வேணாம்.” அவர் ஊசியைக் கீழே வைக்கிறார். தாளைச் சுவரோடு அழுத்தி, கரித்தூள் கட்டிய துணிமுடிச்சால் தட்டுகிறார். தாளை விலக்கியதும் ஈரச் சாந்தில் விளக்கும் சிரிப்பும் புள்ளிபுள்ளியாகத் தெரிகின்றன. கண்கள் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளை. நுன்ஸியா கிட்டே போய்ப் பார்க்கிறாள். “இப்படியே இருக்கட்டும். கையில வெளக்கு இருந்தும் சுரங்கத்துக்குள்ள அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”