உப்பில் வளர்ந்தது

“உப்பா? என் வீட்டுக்காரர் ரத்தத்துல இருந்த பூஞ்சையை உப்புத் தண்ணியில போட்டு வச்சிருக்கியா?”

அகஸ்டினாவின் குரல் லேப் கதவைத் தாண்டி ஐசியூ வாசல்வரை கேட்டது.

லேப் டெக்னீஷியன் கன்னியப்பன் நிமிரவில்லை. “ஆமாக்கா. நாப்பத்திரெண்டு டிகிரி சூட்டுல வச்சிருக்கேன்.”

“கருவாடு போடுறியா? குப்பத்துப் புத்தி லேப்புக்கும் வந்துடுச்சா?”

“கருவாட்டு உப்புன்னே வச்சுக்குங்க. சாதாரணப் பூஞ்சை இதுல வளராது. இப்ப புதுசா ஒண்ணு பரவுது, அது வளரும். அதுதான்னா இப்பப் போடுற மருந்து கேக்காது, மாத்தணும்.”

“சென்னைக்கு அனுப்பினா மெஷின் சொல்லும்ல?”

“அனுப்பியாச்சு. வர அஞ்சு நாள். அதுவரைக்கும் அண்ணன் தாங்கணுமே?”

அவள் விரலை நீட்டி மிரட்டினாள்.

“நாளைக்குக் காலைல பதில் வரலன்னா, உன் வேலைக்கு உலை வச்சிடுவேன். முந்தாநாள் என் கையைக்கூட பஞ்சால தடவி எடுத்தியே! கான்வென்ட்ல படிச்சவ நான். சுத்தத்தை நீ எனக்குச் சொல்லித் தர்றியா?”

“எல்லார் கையிலயும் எடுத்தேன்க்கா. டாக்டர் கையிலயும்.”

சாயங்காலம் ஐந்து நிமிடம் அவளை ஐசியூவுக்குள் விட்டார்கள். தனிஸ்லாஸ் கண் திறக்கவில்லை. உடம்பு கொதித்தது.

ஃபாதர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்ப் புட்டியைத் திறந்து, விரலில் தொட்டு, கணவர் நெற்றியில் சிலுவை போட்டாள். பக்கத்துக் கட்டில் செல்வாம்பாளைப் பார்க்க வர ஆளில்லை. பாவம், அவளுக்கும் போட்டாள். அதற்கடுத்த கட்டிலுக்கும். வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

காலையில் உப்புப் பாட்டில் கலங்கியிருந்தது. பூஞ்சை வளர்ந்துவிட்டது.

டாக்டர் ஜெயசித்ரா அப்போதே மருந்தை மாற்றினார். மூன்றாம் நாள் தனிஸ்லாஸ் கண் திறந்து காபி கேட்டார்.

“முதல்ல செல்வாம்பாள். அப்புறம் தனிஸ்லாஸ். இப்ப மூணாவது கட்டில். எப்படிப் பரவுது கன்னியப்பன்?” டாக்டர் கேட்டார்.

“கை வழியா டாக்டர்.” எல்லார் கையிலும் எடுத்த சோதனையின் முடிவுத் தாளை நீட்டினான்.

அகஸ்டினா முந்திக்கொண்டாள். “நான் அப்பவே நெனச்சேன்! அந்த நர்ஸு சுடர்விழிதான். கை கழுவுற லட்சணத்தைப் பார்த்திருக்கேன். பேரைச் சத்தமாப் படிங்க டாக்டர், எல்லாருக்கும் கேக்கட்டும்!”

டாக்டர் படித்தார். கன்னியப்பனைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“நர்ஸுங்க கை சுத்தமா இருக்கும்மா. பேர் வேணாம். இனிமே உள்ள வர்ற எல்லாரும் வாசல்லயே கை கழுவட்டும்.”

“யாரைக் காப்பாத்துறீங்க?”

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கன்னியப்பன் அவளருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

“அக்கா, அந்த எண்ணெய்ப் புட்டி இனி வீட்டுலயே இருக்கட்டும். சிலுவையைத் தூர நின்னே போடுங்க. சாமிக்குத் தெரியும்.”