ஈரத்துணியில் சாம்பல்

சிமெண்ட் கிடங்கின் வாசலில் வெயில் தூசியோடு தூசியாக நிற்கிறது. சாம்பல் கழுத்துக் காக்கைகளைப் பிடித்துக் கொல்வதுதான் அக்காவுக்கும் தம்பிக்கும் பஞ்சாயத்து கொடுத்திருக்கும் வேலை. முழுக்கறுப்பான அண்டங்காக்கைகளை விட்டுவிட வேண்டும், ஊரில் மிச்சம் ஒரே ஒரு ஜோடி. தம்பி கழுத்தைத் திருகிப் போட்ட காக்கையை அக்கா மடியில் வைத்து ஈரத்துணியால் துடைக்கிறாள். “திருகுறதுக்கு முன்னாடி துடைச்சுப் பார்த்தியாடா?” “சாம்பல்தான் பளிச்சுனு தெரிஞ்சுதேக்கா.” சாம்பல், சிமெண்ட் தூசியாகத் துணியோடு வந்துவிடுகிறது. அடியில் கழுத்து கன்னங்கரேலென்று மின்னுகிறது. “கண்ணை எங்கேடா வச்சிருந்த?” தம்பி துணியைப் பிடுங்கி, இன்னும் அழுத்தித் துடைக்கிறான், எங்காவது ஒரு இறகாவது சாம்பலாக இருந்துவிடாதா என்று. தகரக் கூரைமேல் அண்டங்காக்கை ஒன்று கட்டைக்குரலில் கூப்பிடுகிறது, நிறுத்துகிறது, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடியும் கூப்பிடுகிறது.