தாத்தாவுக்கான போர்வை

அன்று மாலை மாதா கோயில் பங்கு மண்டபத்தில் இருந்தவர்கள்: உதவிக் குழுவினர் நான்கு பேர், படமெடுக்க வந்த ஸ்டுடியோக்காரர், பேருந்து நிலையத்தில் படுத்துறங்குகிறவர்கள் ஒரு வரிசை, ஒரு கிறிஸ்மஸ் தாத்தா. தாத்தாவும் பேருந்து நிலையத்தில் படுப்பவர்தான். பெயர் சவரிராயன். வழக்கமாக வேடம் போடுகிறவருக்குக் காய்ச்சல் என்பதால், வரிசையில் உயரமாக நின்ற இவரை வெளியே இழுத்துச் சிவப்பு அங்கியை மாட்டிவிட்டார்கள்.

பிளாஸ்டிக் முகமூடிக்குள் மூச்சு முட்டியது. ஆடச் சொன்னார்கள், ஆடினார். ஒவ்வொருவருக்கும் அவர் கையாலேயே போர்வை கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். மேசைமேல் ஒன்று மிஞ்சியது. அது தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். மார்கழிப் பனியில் இருமி இருமி நெஞ்சு புண்ணாகியிருந்தது.

அப்போது பேருந்து நிலையத்திலிருந்து இன்னொரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"தாத்தா, அந்தம்மாவுக்கும் ஒண்ணு குடுங்க. கொஞ்சம் சிரிச்சாப்ல நில்லுங்க" என்றார் குழுத்தலைவி ஜெசிந்தா டீச்சர்.

"முகமூடிதான் சிரிக்குதே டீச்சர்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

சவரிராயன் கொடுத்தார். படம் நன்றாக வந்தது.

அங்கியைக் கழற்றியதும் கேட்டார்: "டீச்சர், எனக்கு?"

"அடடா, உங்கள நம்ம குழு ஆளுன்னே நெனச்சிட்டேண்ணே."

"இந்த அங்கியவாவது ராத்திரிக்கு..."

"ஐயோ, அது வாடகைக்கு எடுத்ததுண்ணே."

டீச்சர் உண்மையாகவே வருந்தினார். ஒரு துண்டு கேக்கைத் தாளில் மடித்துக் கொடுத்தார். சவரிராயன் படியிறங்கினார். இருமல் வந்தது. கேக் நசுங்காமல் பிடித்துக்கொண்டு இருமினார். பின்னால் யாரோ கதவைச் சாத்தி உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டார்கள்.