பெண் பார்க்க வந்த இங்கிலீஷ்

"'புட்' தெரியும். 'அப்' தெரியும். 'வித்' தெரியும். மூணையும் சேர்த்து 'புட் அப் வித்'துன்னா என்ன? தமிழ்ல சொல்லும்மா."

பெண் பார்க்க வந்த இடத்தில் காப்பி ஆறுவதற்குள் பரீட்சை ஆரம்பமாகிவிட்டது. கேட்டவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் முத்துக்கிருஷ்ணன். காரைக்குடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவர். ஆங்கிலம் தன் சொந்த வீடு, மற்றவர்கள் எல்லாம் அதில் வாடகைக்கு இருப்பவர்கள் என்று நினைப்பு.

மீனு தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியலை."

"எம்.ஏ. இங்கிலீஷ்னு சொன்னீக?" என்று முத்துக்கிருஷ்ணன் அவள் அப்பா சிவசங்கரனை முறைத்தார்.

"பதட்டத்துல இருக்கா..." சிவசங்கரன் சமாளித்தார். வரன் தேடித் தேடி அலுத்து, கடைசியில் ஜாதகம் பொருந்திய ஒரே இடம் இது.

"சரி, சுலபமா ஒண்ணு. 'லுக் ஆஃப்டர்'?"

"தெரியலை."

மாப்பிள்ளை கார்த்திக் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கட்டிக்கொள்ளப் போவது அவன்தான் என்பதை யாராவது அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.

அவன் அம்மா தேனம்மை ஆச்சி பலகாரத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"கார்த்திக்கோட சிங்கப்பூர் போகத்தான் இங்கிலீஷ் கேக்குறோம்னு நினைச்சிராதீக. அவன் மட்டும்தான் போவான். கண்டனூர் வீட்டை வெள்ளைக்காரங்க தங்குறதுக்கு விட்டிருக்கோம்ல, அவுககிட்டப் பேச வீட்டு ஆளு வேணும். சம்பளத்துக்கு வச்சாக் கட்டுபடியாகுமா? கல்யாணம் ஆனதும் மகனையும் மருமகளையும் வேறு வச்சுத் தனி அடுப்புக் குடுக்குற வழக்கத்தையும் எங்க வீட்ல விட்டாச்சு. ஒரே அடுப்புதான். எல்லாத்தையும் எங்க மூத்த மருமக லட்சுமி ஒருத்தியே பார்த்துக்கிறா. ஒத்தாசைக்கு இவ வருவான்னு நினைச்சேன்."

ஆக, தேடுவது மருமகளை இல்லை, சம்பளமில்லாத மேனேஜரை. அதற்குத் தாலிதான் வேலை உத்தரவு.

"லட்சுமி, நீ சொல்லு, 'புட் அப் வித்'துக்கு" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

மாமியாரின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த லட்சுமி, மனப்பாடச் செய்யுள் மாதிரிச் சொன்னாள்.

"பொறுத்துக்கிறது. சகிச்சுக்கிறது. வாயைத் திறக்காம இருக்கிறது."

"மூணாவது டிக்ஷனரியில இல்லை. ஆனாலும் கரெக்ட்டு!"

தேனம்மை ஆச்சி பூரித்துப்போனார். "பார்த்தீகளா? இதுதான் எங்க வீட்டு மருமக!"

லட்சுமி மீனுவைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்தவள் தோற்ற இடத்தில் ஜெயிப்பதில் சிலருக்கு அப்படி ஒரு சுகம்.

வந்தவர்கள் எழுந்தார்கள். "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்ற ஒப்புக்கான பேச்சுக்கூட இல்லை.

கார் தெருமுனை தாண்டியதும் சிவசங்கரன் வெடித்தார். "என் மானத்தையே வாங்கிட்டியே! காலேஜ்ல மெடல் வாங்குனவளுக்கு 'லுக் ஆஃப்டர்' தெரியாதா?"

"தெரியும் அப்பச்சி."

"பின்னே ஏன் அப்படிச் சொன்னே?"

"என்னைக் கூட்டியாரதுக்கு அந்த லட்சுமி ஆச்சி உள்ள வந்தாகள்ல? கதவைச் சாத்திட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. 'அவுக என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிரு தாயி. நான் எல்லாத்துக்கும் சரியாப் பதில் சொல்லித்தான் இந்த வீட்ல வந்து மாட்டிக்கிட்டேன்'னு சொன்னாக."