பச்சைக் கோட்டு அம்மா

“இந்த வீட்டை வாங்குறவனுக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கணும்” என்று கூடத்தின் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னார், பச்சைக் கோட்டு போட்டிருந்த அந்த அம்மா.

வீடு பார்க்க வந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தரகன் ஸ்டெயின் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

வேர்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெண்ட் நகருக்குள் அவளும் அவள் கணவன் வன்னெஸும் எத்தனை வீடு பார்த்தாயிற்று! பிடித்த வீடெல்லாம் கை நிறையப் பணத்தோடு வந்த யாரோ ஒருவருக்குப் போய்விட்டது. வயிற்றில் குழந்தை. இப்போதிருக்கும் வாடகை வீட்டை வேறு சீக்கிரம் காலி செய்தாக வேண்டும். இதுவும் கைநழுவினால் ஊரை விட்டே போக வேண்டியதுதான்.

வீடொன்றும் அரண்மனை இல்லை. அந்தக் காலத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, செங்குத்தான மாடிப்படி, கைக்குட்டை அளவுக்கு ஒரு முற்றம். ஆனால் அந்த முற்றத்தில் வெயில் விழுந்தது. வேர்லாவுக்கு அது போதும்.

“பார்த்து ஏறுங்க, நடுப்படி உளுத்துப் போச்சு.”

“அடுத்த வீட்டுக்காரன் தும்மினா இங்க கேட்கும்.”

“புகைபோக்கியில காக்கா கூடு கட்டியிருக்கு.”

அந்த அம்மா விடுவதாக இல்லை.

“எல்லாம் விலையைக் குறைக்கிற நாடகம்” என்று வேர்லாவின் காதைக் கடித்தான் வன்னெஸ். “எல்லாரையும் விரட்டிட்டு, கிழவி அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கிட்டுப் போயிடுவா பாரு.”

“வாயைத் திறந்தா நல்ல வார்த்தையே வராதா? என்ன ஜென்மமோ!” என்றாள் வேர்லா.

சூட் போட்ட ஒருவர் லேசர் கருவியால் சுவருக்குச் சுவர் அளந்துகொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தார். “மூணு தடுப்பு போட்டா ஆறு ரூம் தேறும்டா. காலேஜ் பசங்க வாடகைக்கு வரிசையில நிப்பாங்க.”

பக்கத்து வீட்டுக் கதவில் ஏற்கெனவே அப்படித்தான், ஆளுக்கொரு அழைப்பு மணி. வேர்லா சூட்காரரையே பார்த்தாள். இவர் விலை கேட்டால் நாம் எந்த மூலைக்கு?

பச்சைக் கோட்டு அம்மா நேராக அவரிடம் போனார். “நிலவறையைப் பார்த்தீங்களா? வாங்க, காட்டுறேன்.”

வேர்லாவும் பின்னாலேயே இறங்கினாள். கும்மிருட்டு. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சுவிட்சை அந்த அம்மாவின் கை தடவாமல் தேடாமல் போய்த் தட்டியது. ‘எத்தனை தடவை வந்து பார்த்திருக்காளோ! நமக்குப் பெரிய போட்டியே இவதான்’ என்று நினைத்துக்கொண்டாள் வேர்லா.

“சுவர்ல கறையைப் பாருங்க. பெருமழை பெஞ்சா கணுக்கால் வரைக்கும் தண்ணி நிக்கும்.”

சூட்காரர் கருவியைப் பைக்குள் போட்டார். “தலைவலி பிடிச்ச வீடு” என்று முணுமுணுத்தபடி படியேறியவர், அப்படியே வாசலையும் தாண்டிப் போய்விட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் நழுவினார்கள்.

வேர்லா மட்டும் கறையைத் தொட்டுப் பார்த்தாள். “தண்ணி வந்தா இங்க இருந்தவங்க என்னதான் பண்ணினாங்க?”

இப்படி ஒரு கேள்வியை அந்த அம்மா எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. “வாளியால இறைச்சுக் கொட்டினாங்க. வேற என்ன பண்ண?”

“அவ்வளவுதானே? இறைச்சுக்கலாம்.”

“பிள்ளைத்தாச்சி, நீயா இறைப்பே?”

“கட்டிக்கிட்டவன் எதுக்கு இருக்கான்?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த அம்மா வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே வன்னெஸ் தரகனுக்குப் போன் போட்டான். உளுத்த படி, காக்கா கூடு, நிலவறைத் தண்ணீர் என்று கேட்ட குறையை எல்லாம் ஒன்றுவிடாமல் அடுக்கி, விலையைக் குறைத்தே கேட்டான். “கிழவி வாய்க்கு ஒரு கும்பிடு” என்று சிரித்தான். வேர்லாவுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

கடைசியில் ஸ்டெயின் கூப்பிட்டான். “வீடு உங்களுக்குத்தான் மேடம்.”

“அப்போ அந்தப் பச்சைக் கோட்டு அம்மா?”

“அவங்க... விலையே கேட்கலை மேடம்” என்று இழுத்தான்.

கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாள் வந்தது. விற்பவர் பெயர் கோடலீவ் மேஸ் என்று காகிதத்தில் பார்த்ததோடு சரி, ஆளைப் பார்த்ததில்லை. நோட்டரியின் அறைக் கதவைத் திறந்த வேர்லா அப்படியே நின்றுவிட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் பச்சைக் கோட்டு.

“போச்சுடா! கடைசி நேரத்துல கூடுதல் விலை சொல்ல வந்துட்டா” என்றான் வன்னெஸ்.

நோட்டரி எழுந்து கை கொடுத்தார். “வாங்க, வாங்க. இவங்கதான் வீட்டுக்காரம்மா, திருமதி கோடலீவ் மேஸ்.”

வன்னெஸின் முகம் சிவந்து போயிற்று. வேர்லா கதவருகில் நின்றபடியே கேட்டாள். “உங்க... உங்க சொந்த வீட்டையா அப்படித் திட்டினீங்க?”

“திட்டினேனா? அதுல ஒரு வார்த்தை பொய் உண்டா? என் பிள்ளைங்க பிறந்து வளர்ந்த வீடும்மா. அதை ஆறு துண்டா வெட்டணும்னு வந்தவங்ககிட்ட வேற எப்படிப் பேசறது?”

“எங்களையும் சேர்த்துத்தானே விரட்டினீங்க?”

“விரட்டினேன். நீதான் போகலையே.”

சொல்லிவிட்டு அந்த அம்மா குனிந்து, காலடியில் வைத்திருந்த பழைய தகர வாளியைத் தூக்கி மேசை மேல் வைத்தார். வீட்டுச் சாவி அதற்குள்தான் கிடந்தது.