முப்பத்தொன்பது பேர் அழுத கதை

பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில ஆசிரியையின் மேசையில், பாடப்புத்தகக் கதை ஒன்றைப் பற்றி எழுதிய நாற்பது கட்டுரை நோட்டுகள் இருக்கின்றன. அவர் சொல்லச் சொல்ல எழுதிய முப்பத்தொன்பதிலும் ஒரே கடைசி வரி: 'இந்தக் கதையைப் படித்து நான் அழுதேன்.' மிச்சமிருக்கும் ஒன்றில் மட்டும், 'எனக்குக் கோபம்தான் வந்தது' என்ற வரியைச் சிவப்பு மை குறுக்கே வெட்டியிருக்கிறது. மின்விசிறி கடகடக்கிறது. ஜன்னல் வெயிலில் ஈரம் காயாத அந்த மை பளபளக்கிறது. அந்த நோட்டுக்குரிய மாணவி மேசையருகே நிற்கிறாள். ஆசிரியை அதட்டுகிறார்: "எல்லாரும் அழுதிருக்காங்க. உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு? மார்க் வேணும்னா நான் சொன்னபடி மாத்தி எழுது." அவள் பேனாவைத் திறக்கிறாள். வெட்டுப்பட்ட வரிக்குக் கீழே, அதே வரியை இன்னும் பெரிய எழுத்தில் எழுதி, நோட்டை அவர் பக்கம் திருப்பி வைக்கிறாள். "அவங்க யாரும் கதையைப் படிக்கவே இல்ல மிஸ். நான் படிச்சேன்."