மரநாயின் புதிய புரொஃபைல்

கோழிப்பண்ணையில் மரநாய்க்குக் காவல் அதிகாரி வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் அது தன் முகநூல் பக்கத்தைக் கழுவித் துடைத்தது. லெக்பீஸ் படங்கள் எல்லாம் போயின. 'சிக்கன் இல்லாத ஞாயிறும் ஒரு ஞாயிறா?' என்ற பதிவும் போனது. புதிய படத்தில் நெற்றி நிறையத் திருநீறு, கையில் கீரைக்கட்டு.

பார்த்த மேலாளர் கோழி சொக்கிப்போனது. "என்ன ஒரு சாந்தமான முகம்!"

வேலை கிடைத்த சேதியை மரநாய் பெருமையாகப் பதிவிட்டது. பழைய கூட்டாளி நரி கீழே கேட்டது: "மச்சி, ட்ரீட் எப்போ?"

"சேர்ற அன்னிக்கே மச்சி! சாவி நம்ம கையிலதான். எல்லாரும் பசியோட வாங்க!"

அந்தப் பதிலுக்கு மேலாளர் கோழி ஒரு லைக் போட்டது. பிறகு வேலை விளம்பரத்தைத் திருத்தியது: 'மரநாய் வேண்டாம். வெறும் நாய் போதும்.'